அனுமதி பெறாத அக்கம்பக்கம்

பதினான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டபோது டிம்ப்னா கியோவுக்கு ஐம்பத்தொரு வயது. பேருந்துகளில் மறந்துவிட்டுப் போகும் குடைகளையும் கையுறைகளையும் பல்செட்டுகளையும் வாங்கிப் பட்டியலிட்டு, உரியவர் வந்தால் ஒப்படைக்கிற அலுவலகத்தில் அவள் குமாஸ்தா. டப்ளினில் தனி ஆளாக, அந்தச் சம்பளத்தில், அந்த வயதில் வீடு தேடுவது எப்படி இருக்கும் என்பதை ஐந்தே மாதத்தில் முழுதாகத் தெரிந்துகொண்டாள். முப்பத்தொரு இடம் பார்த்தாள். ஒவ்வொரு இடத்திலும் தெருமுனை வரை வரிசை நின்றது. ஓரிடத்தில் சமையலறை அலமாரியைத் திறந்தால் உள்ளே குளிக்கிற குழாய் இருந்தது. தரகர் அதை வசதி என்றார். இரவுகளைப் பக்கத்து ஊரான நேஸில் இருந்த தங்கை வீட்டு சோபாவில் கழித்தாள். மூன்றாவது மாதத்திலிருந்து, அவள் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் தங்கையின் கணவருக்கு இருமல் வந்தது.

அப்போதுதான் ஹடில்ரோ என்ற நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தாள். "தனியாக வாழ்வது போன தலைமுறையின் பழக்கம். எங்களிடம் வாருங்கள். இங்கே உங்களுக்கு அறை கிடைக்காது. குடும்பம் கிடைக்கும்." கீழே இருந்த படத்தில், மொட்டைமாடித் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதில் அறை பற்றிய வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது செப்டம்பர் முதல் தேதி, பெட்டியோடு ஸ்மித்ஃபீல்டில் அவர்கள் கட்டடத்தில் போய் இறங்கிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

வரவேற்றவன் பெயர் ஃபீக்ரா. இருபத்தொன்பது வயதிருக்கும். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாய் போட்டிருந்தான். பதவி, சொந்தபந்தத் துறைத் தலைவர்.

"இங்க வாடகைன்னு ஒண்ணு கிடையாது, டிம்ப்னா. பங்களிப்புன்னுதான் சொல்லுவோம். வாடகைக்காரங்களும் கிடையாது. எல்லாரும் உறுப்பினர்."

"பங்களிப்பு ஒரு மாசம் தர முடியலேன்னா?"

"வெளியேத்திடுவோம்," என்றான் ஃபீக்ரா, மிகுந்த வாஞ்சையோடு.

முன்னூற்றுப் பதினேழாம் எண் அறையில் படுக்கை சுவரோடு மடிந்து நின்றது. அதை இறக்கினால் கதவு திறக்காது. கதவைத் திறக்க வேண்டுமானால் படுக்கையைத் தூக்க வேண்டும். டிம்ப்னா இரண்டு தடவை இறக்கித் தூக்கிப் பார்த்தாள். ஃபீக்ரா பொறுமையாக நின்று, உறங்குகிறபோது உலகத்தை வெளியே நிறுத்துகிற வடிவமைப்பு என்று விளக்கினான்.

நூலகம் இருந்தது. புத்தகங்களின் முதுகுகளை மட்டும் வெட்டிப் பலகையில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். டிம்ப்னா ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அது வாசிக்கிறதுக்கு இல்ல," என்றான். "வாசிக்கிற சூழலுக்கு."

மொட்டைமாடித் தோட்டமும் இருந்தது. ஆள் ஏறினால் கூரை தாங்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்ததால் கதவைப் பூட்டியிருந்தார்கள். "ஆனா தலைக்கு மேல ஒரு தோட்டம் இருக்குங்கிற நினைப்பே ஒரு சுகம்தானே?" என்று கேட்டான் ஃபீக்ரா. டிம்ப்னா நேஸ் சோபாவை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாவது மாடியில் நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு சமையலறை. ஆறு அடுப்பில் இரண்டு எரிந்தன. ஆளுக்கு இருபது நிமிடம், கைப்பேசி வழியாக முன்பதிவு செய்ய வேண்டும். உருளைக்கிழங்கு வேக இருபத்தைந்து நிமிடம் ஆகும். முதல் வாரம் முழுக்க டிம்ப்னா நடுவில் கல் போலிருந்த உருளைக்கிழங்கையே தின்றாள். மற்ற நாற்பத்தொரு பேரும் அப்படித்தான் தின்றார்கள் என்பதும், அவர்களில் ஒருவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது என்பதும் சேர்த்துத்தான் அந்த வாரம் கசந்தது. அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த ஆள் கடிகாரத்தைக் காட்டுவதற்கு முன் ஓடினார்கள்.

நவம்பரில் அறைச் சூடேற்றி நின்றுபோனது. ஹடில்ரோ செயலியில் புகார் என்று ஒரு பொத்தான் இல்லை. தேடித் தேடி, "ஒரு வாய்ப்பைத் தெரிவி" என்பதுதான் அது என்று கண்டுபிடித்தாள். அறை பனிக்கட்டி போலிருக்கிறது என்று எழுதினாள். "உங்கள் வாய்ப்புக்கு நன்றி. எங்கள் உள்ளம் சூடாகிறது" என்று பதில் வந்தது. இரண்டாவது தடவையும் அதே பதில். மூன்றாவது தடவையும். நான்காவது தடவைக்கு ஆள் வந்தது. பழுது பார்க்கிற ஆள் இல்லை. ஃபீக்ரா வந்தான், வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, "குளிரோடு கைகுலுக்குவோம்" என்ற பயிற்சி வகுப்பு நடத்த.

திரையரங்க அறையில், அதாவது ஒரு படுக்கை விரிப்பு தொங்கிய அறையில், மேலங்கியோடு முப்பது பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

"குளிர் நமக்கு எதிரி இல்ல," என்று ஃபீக்ரா தொடங்கினான். "குளிர் நம்மகிட்ட ஒண்ணு கேக்குது. பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாருன்னு கேக்குது. யோசிச்சுப் பாருங்க, சூடேத்தி வேலை செஞ்சிருந்தா நீங்க இன்னிக்கு இந்த அறைக்கு வந்திருப்பீங்களா? அவங்கவங்க அறையிலதானே இருந்திருப்பீங்க? அப்ப, பழுது எது? சூடேத்தி ஓடறதா, ஓடாததா?"

பின்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "தம்பி, உன் நாற்காலிக்கு அடியில ஒரு ஹீட்டர் செவசெவன்னு எரியுதே, அதுவும் எங்ககூட கைகுலுக்கத்தானா?"

சொன்னவர் கிறிஸ்டி போலண்ட், டாக்சி ஓட்டுகிறவர், டிம்ப்னாவின் எதிர் அறை. அறுபத்து மூன்று வயது. மூன்று மாதமாக எதிரெதிரே இருந்தும் அவர் இருமலைத்தான் அவள் கேட்டிருந்தாள். வகுப்பு முடிந்து படியேறும்போது அவரே பேச்சுக் கொடுத்தார்.

"நாளைக்குக் கூரை பறந்துபோச்சுன்னா நட்சத்திரம் பாக்கற வகுப்பு வெப்பான் பாருங்க, அம்மணி."

டிம்ப்னா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு பழுப்பு நிற அட்டைச் சீட்டு காசு கொடுத்து வாங்கி வந்தாள். தொலைந்த பொருள்களில் நூல் கோத்துக் கட்டுகிற சீட்டு அது. ஓடாத ஒவ்வொரு பொருளிலும் ஒன்றைக் கட்டினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. "சூடேற்றி. நின்ற நாள் நவம்பர் 9. தெரிவித்தது நான்கு முறை." "குழாய். இடப்பக்கம் குளிர்ந்த நீர், வலப்பக்கமும் குளிர்ந்த நீர்." மின்தூக்கிக்கு ஒன்று. அடுப்புகளுக்கு நான்கு. கோபத்தில் செய்ததுதான், ஆனால் அவளுக்குத் தெரிந்த வழியில், ஒழுங்காக, தேதி போட்டுச் செய்தாள்.

டிசம்பரில் மிச்சமிருந்த இரண்டு அடுப்பும் அணைந்தன. சமையலறைக் கதவில் "இந்த இடம் மௌனம் பழகுகிறது" என்று எழுதி ஒட்டிப் பூட்டினார்கள். பத்து நாள் எல்லாரும் ரொட்டியில் பன்றியிறைச்சித் துண்டு வைத்துத் தின்றார்கள். பதினோராம் நாள் ஞாயிறு மதியம், தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலோரம் மின்சாரப் பானை ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜன்டிரா நின்றாள். பிரேசில்காரி, முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு.

"கறுப்பு பீன்ஸ், அக்கா," என்றாள் டிம்ப்னாவிடம். "ஒருத்திக்கு மட்டும் செய்ய எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல நாங்க ஒன்பது பேர். தட்டு இருந்தா கொண்டாங்க."

டிம்ப்னா தட்டும் ஒரு பழுப்பு ரொட்டியும் கொண்டு வந்தாள். கிறிஸ்டி வெண்ணெயோடு வந்தார். வாசனை பிடித்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு டிம்ப்னாவின் முறை, ஆட்டிறைச்சிக் குழம்பு. அதற்கடுத்த வாரம் பதினேழு பேர் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். யாருக்கு எந்தக் கிழமை வேலை, யாருக்குச் சர்க்கரை வியாதி, யாருடைய அம்மா ஆஸ்பத்திரியில் என்று தெரியவந்தது. யாரும் யாருக்கும் வகுப்பு நடத்தவில்லை.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு ஒரு மணிக்குக் கிறிஸ்டி வரவில்லை.

"வண்டி ஓட்டப் போயிருப்பாரு," என்றார் ஒருவர்.

"வண்டி கீழதான் நிக்குது," என்றாள் ஜன்டிரா. அவர் எண்ணுக்கு அழைத்தாள். கதவுக்குள்ளிருந்து மணியடித்தது. எடுக்கவில்லை.

டிம்ப்னா கதவைத் தட்டினாள், பிறகு தோளால் தள்ளினாள். பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் ஒரு விரற்கடைக்கு மேல் நகரவில்லை. படுக்கை இறங்கியிருந்தது. ஹடில்ரோ அவசர எண்ணுக்கு அழைத்தாள். "நீங்கள் எங்களுக்கு முக்கியமானவர்" என்றது பதிவுசெய்த குரல். "மகிழ்ச்சியைப் பகிர ஒன்றை அழுத்தவும். யோசனை சொல்ல இரண்டை அழுத்தவும்." மூன்று இல்லை. சொந்தபந்தத் துறைக்கு ஞாயிறு விடுமுறை.

அவள் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைக் கழற்றினாள். வாழ்நாளில் ஒரு கோப்பையைக்கூட உடைத்தவள் இல்லை. நான்காவது அடியில் கதவின் மேற்பலகை பிளந்தது. ஒல்லியான ஜன்டிரா அந்த ஓட்டை வழியாக நுழைந்து படுக்கையைத் தூக்கினாள். கிறிஸ்டி சுவருக்கும் படுக்கைக்கும் நடுவில், வேர்த்துக் கொட்டி, பேச்சில்லாமல் கிடந்தார். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. ஆம்புலன்சில் வந்த பெண் ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் வந்து பிரயோஜனம் இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை டிம்ப்னாவுக்கு ஹடில்ரோவிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவானது. "ஒருவரையொருவர் காக்கிறோம்: கிறிஸ்டியின் கதை" என்று தலைப்பு. ஹடில்ரோவின் நெருக்கமான வடிவமைப்பு எப்படி ஓர் உயிரைக் காத்தது என்று ஃபீக்ரா உருக்கமாக எழுதியிருந்தான். இரண்டாவது அவளுக்கு மட்டும். கதவுச் சேதம், சீட்டுகள் தொங்கவிட்டு இடத்தின் மனநிலையைக் குலைத்தது, அனுமதியின்றிச் சமூகம் உருவாக்கியது ஆகிய மூன்று விஷயங்கள் பற்றி இதயவட்டத்தில் பேச அன்போடு அழைத்திருந்தார்கள்.

இதயவட்டம் திரையரங்க அறையில் கூடியது. தலைமை நிர்வாகி எமன் லாலர் நேரில் வந்திருந்தார். நாற்காலிகள் வட்டமாக இருந்தன. டிம்ப்னாவின் நாற்காலி வட்டத்தின் நடுவில் இருந்தது.

"முதல்ல, மிஸ் கியோ, இது விசாரணை இல்ல," என்றார் லாலர். "நாங்க விசாரணை பண்றதில்ல. இப்ப முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். கதவை உடைச்சிருக்கீங்க."

"உள்ள ஆள் செத்துக்கிட்டிருந்தார்."

"இருக்கலாம். ஆனா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. உறுப்பினர் இருபத்துநாலு மணி நேரம் செயலியைத் தொடலேன்னா எங்களுக்குத் தானா தெரிய வரும். திங்கட்கிழமை காலையில ஃபீக்ரா பாத்திருப்பான்."

"பாத்திருப்பேன்," என்றான் ஃபீக்ரா. "ஒம்போது மணிக்கெல்லாம்."

"பாத்து?" என்று கேட்டாள் டிம்ப்னா.

"அன்பான ஒரு நினைவூட்டல் அனுப்பியிருப்பேன்."

டிம்ப்னா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சீட்டு விஷயத்துல நான் பெருசா ஒண்ணும் சொல்லல," என்று லாலர் தொடர்ந்தார். "முதலீட்டாளர்கள் சுத்திப் பாக்க வந்தப்ப, ஒருத்தர் அதைக் கலைப்படைப்புன்னு நெனச்சு ரசிச்சாரு. படிக்கிற வரைக்கும். ஆனா அந்தப் பானை இருக்கே, அதுதான் என்னை ரொம்ப வருத்தப்படுத்துது. ஞாயித்துக்கிழமை பதினேழு பேர். யார் அனுமதி குடுத்தது?"

"சாப்பிடறதுக்கா?"

"சேர்ந்து சாப்பிடறதுக்கு. மனசு திறந்தே பேசறேன். எங்ககிட்ட இருக்கறது என்ன? சுவரு. சுவரு எல்லார்கிட்டயும் இருக்கு. அறையா? அறை இல்லைன்னு நாங்களே விளம்பரத்துல போட்டுட்டோம். நாங்க விக்கிறது சமூகம். மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, நிபுணர்களை வெச்சு உருவாக்கின பொருள் அது. அதை நீங்க ஒரு பானையில காய்ச்சி ஆளுக்கு ஒரு கரண்டி சும்மா ஊத்தினா, அப்புறம் நாங்க எதை விக்கிறது? நாளைக்கு எல்லாரும் எங்களைத் தாண்டி, நேரடியா பக்கத்து அறைக்காரனோட பழக ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"அப்ப நாங்க ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கறீங்களா?"

"தாராளமா தெரிஞ்சுக்கலாம்," என்றார் லாலர். "வியாழக்கிழமை, ஆறு முதல் ஏழு."

வட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். ஹடில்ரோ ஊழியர்களாக இருக்க வேண்டும், ஏனெனில் உறுப்பினர் யாரையும் உள்ளே விடவில்லை. டிம்ப்னாவின் உறுப்பினர் உரிமை புதுப்பிக்கப்படாது, ஏழு நாளில் அவள் தன் அடுத்த பயணத்தைத் தொடங்கலாம் என்று ஃபீக்ரா கண்கலங்க வாசித்தான். உண்மையாகவே கலங்கியிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் வாடகைக்காரர்களுக்கு இலவச ஆலோசனை சொல்கிற ஓர் அமைப்புக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இதுல எங்கயுமே வாடகைன்னு இல்லயே," என்றாள். "வாடகை இல்லேன்னா நீங்க வாடகைக்காரர் இல்ல. சட்டப்படி ஓட்டல்ல தங்கின விருந்தாளி மாதிரி."

"அப்ப ஓட்டல் விதிப்படி கேக்கலாமா? ஓட்டல்னா சூடேத்தி இருக்கணும்ல?"

பெண் இன்னொரு பக்கம் புரட்டினாள். "நாங்க ஓட்டல் இல்லைன்னும் தெளிவா போட்டிருக்காங்க. மன்னிச்சுக்கங்க. இதை எழுதினவன் நல்லாப் படிச்சவன்."

"அப்ப நான் யாரு?"

பெண் தேடிப் பார்த்தாள். "பயணத்தோழர்னு ஒரு இடத்துல போட்டிருக்கு," என்றாள் வருத்தத்தோடு.

சனிக்கிழமை காலை மழை பெய்தது. மின்தூக்கி ஓடவில்லை. மூன்று மாடிப் படிகளிலும் ஆளுக்கு நாலு படி இடைவெளி விட்டுப் பதினேழு பேர் நின்று, டிம்ப்னாவின் பெட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கிறிஸ்டி டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே அதட்டிக்கொண்டிருந்தார். நேஸுக்குக் காசு வாங்காமல் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். தங்கையின் கணவருக்கு இருமல் மருந்து ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்.

"அதை மெதுவாடா, புண்ணியவான். உள்ள கண்ணாடிச் சாமான்."

ஜன்டிரா அழுதுகொண்டே விளக்கு ஒன்றைத் தூக்கி வந்தாள். "போன் பண்ணுங்க, அக்கா. பண்ணலேன்னா நான் நேஸுக்கே வந்து நிப்பேன்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஃபீக்ரா ஒரு கூட்டத்தோடு உள்ளே வந்தான். இடம் பார்க்க வந்தவர்கள், இருபது பேருக்குக் குறையாது. நனைந்த குடைகளோடு படிக்கட்டின் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

"பாருங்க," என்றான் ஃபீக்ரா, குரல் தழுதழுக்க. "நான் ஏற்பாடு பண்ணல. யாரும் சொல்லல. ஒருத்தருக்கு ஒரு தேவைன்னா மத்தவங்க தானா வந்து நிக்கறாங்க. ஹடில்ரோன்னா இதுதான்."

கூட்டம் கைப்பேசிகளை உயர்த்திப் படம் எடுத்தது. படியில் நின்றவர்கள் கையில் பெட்டியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். "ஒரு தடவை சிரிங்க," என்றார் யாரோ.

கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் விலகி டிம்ப்னாவிடம் வந்தார். தபால்காரர் சட்டை, ஐம்பதை ஒட்டிய வயது, சவரம் செய்ய அவசரப்பட்டதில் தாடையில் ஒரு கீறல்.

"ஒண்ணு கேக்கலாமா, அம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. இங்க எப்படி இருக்கும்?"

டிம்ப்னா பெட்டியைக் கீழே வைத்தாள். இதற்காகவே காத்திருந்தவள் போல எல்லாவற்றையும் சொன்னாள். வெந்நீர் வராததை, பூட்டிய சமையலறையை, முதுகு மட்டும் உள்ள புத்தகங்களை, படுக்கை இறங்கினால் கதவு திறக்காததை, அதனால் ஒரு மனிதர் சாகக் கிடந்ததை. குரலை உயர்த்தவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையிடையே தலையாட்டினார்.

"ரொம்ப நன்றி," என்றார் முடிவில். "நீங்க எந்த அறை?"

"முன்னூத்திப் பதினேழு."

"அது இன்னிக்கே காலியாகுதா?"

டிம்ப்னா அவரைப் பார்த்தாள். அவர் தன் ஈரமான காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஏப்ரல்லேர்ந்து கார்லதான் படுத்துக்கறேன். வேலை இடத்துல யாருக்கும் தெரியாது."

அதற்குள் ஃபீக்ரா வந்துவிட்டான். டிம்ப்னாவின் தோளில் கை வைத்தான். அவளை வெளியேற்றுகிறார்கள் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

"நம்ம உறுப்பினரோட பேசினீங்களா? அருமை. என்ன சொன்னாங்க?"

தபால்காரர் ஒரு கணம் டிம்ப்னாவின் முகத்தைப் பார்த்தார். கெஞ்சினாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் குடைகளோடு இருபது பேர் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"நல்ல சூடா இருக்கும்னு சொன்னாங்க," என்றார் அவர்.

ஃபீக்ரா அவளைப் பார்த்தான். இல்லை என்ற ஒரே வார்த்தை போதும். அந்த அறை வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போகும், இவர் காருக்குப் போவார்.

"ஆமா," என்றாள் டிம்ப்னா. "ரொம்ப சூடு."

ஃபீக்ரா அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, விளம்பரத்தில் அவள் பெயரை முழுசாகப் போடலாமா, முதலெழுத்து மட்டும் போதுமா என்று கேட்டான்.